டெய்சிக்கு ஒரு கிராப்

இனி என் வீட்டில் எதையும் ஊகித்துப் பேசப்போவதில்லை, கோடு போட்டு நிரூபித்துவிட்டுத்தான் பேசுவேன் என்று சபதம் எடுத்தேன்.

காரைக்காலில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் சூப்பர்வைசர் நான். எந்த நேரத்தில் எந்த லைன் திணறுகிறது என்று கட்டம்போட்ட தாளில் நான் வரைந்த கிராப்பைப் பார்த்து மேலதிகாரியே கைகொடுத்தார். கொடுத்த கையோடு, "அற்புதராஜ், உங்க வீட்டு போன் எப்பவும் என்கேஜ்டு. இப்படியே போனா அதைத் திருப்பி எடுத்துருவோம்" என்றார்.

காரணம் என் மனைவிதான் என்று எனக்குத் தெரியும். நிரூபிப்பதுதான் பாக்கி.

"டெய்சி, உனக்கு ஒரு கிராப் போடப்போறேன்."

"எனக்கெதுக்குங்க கிராப்பு? இடுப்பு வரைக்கும் சடை. நீங்க போட்டுக்கலாம்னா தலையில முடி வேணுமே."

"முடி இல்லடி, கோடு. எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டர் பொண்ணு புள்ளி வைக்கும், நீ போன்ல பேசப் பேச ஏறும்."

"ஏறுனா?"

"யாரால ஏறுதோ அவங்க ஒரு மாசம் போனைத் தொடக்கூடாது."

டெய்சி மதில் பக்கம் திரும்பினாள். பக்கத்து வீட்டு உம்மு சல்மா அங்கே நின்றிருந்தார். "கேட்டுக்கிட்டீங்களா அக்கா? நீங்கதான் சாட்சி."

ஆபரேட்டர் திரிபுரசுந்தரியிடம் சொல்லிவைத்தேன். எங்கள் வீட்டு லைனை மாட்டும்போதெல்லாம் தாளில் ஒரு புள்ளி. நானும் சும்மா இருக்கவில்லை. அடிக்கடி என் அறையிலிருந்து வீட்டுக்குப் போட்டு வேவு பார்த்தேன்.

வாரக் கடைசியில் புள்ளிகளைச் சேர்த்தேன். சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால் கோடு மாதா கோயில் கோபுரம்போல் நின்றது. வீட்டுக்கு வந்து டெய்சிமுன் விரித்தேன்.

"இந்த நேரத்துல யார்கூட பேசுன? சொல்லு."

"உங்ககூடத்தான்."

"என்கூடவா?"

"மீன் வந்துச்சான்னு ஒரு போன். கருக்களாச்சேரி மீனான்னு ஒரு போன். இப்ப யார்கூட பேசிக்கிட்டிருந்தேன்னு ஒரு போன். சந்தேகம்னா புள்ளி வச்ச பொண்ணையே கேளுங்க."

"அப்ப நீ யார்கூடவும் பேசவே இல்லையா?"

"பேசாம இருக்க முடியுமா? மதில் எதுக்கு இருக்கு? புள்ளி வைக்கிறாங்கன்னு தெரிஞ்சும் போன்லயா பேசுவேன்?"

மதிலுக்கு அப்பால் சாட்சி இருமினார்.

அந்நேரம் பார்த்து போன் அடித்தது. கை நீட்டினேன். டெய்சி என் கையை விலக்கிவிட்டு எடுத்தாள். மறுமுனையில் மேலதிகாரி.

"வணக்கம் சார். அவரா? ஒரு மாசத்துக்கு போன்ல பேச மாட்டாருங்க. கிராப்பு கொஞ்சம் ஒட்ட வெட்டிருச்சு."