மருமகனின் தாராக்காலுக்கு ஒரு வார்

பஸார் வீதி,
பதுளை.
புதன்கிழமை.

கடலுக்கடியில் உத்தியோகம் பார்க்கும் அன்பு மருமகன் மிப்ரானுக்கு, தரையில் செருப்பு விற்றுப் பிழைக்கும் மாமா இப்றாஹீம் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் மாமியும் என் கூடப்பிறந்த உன் உம்மாவும் சுகம். நீ தண்ணீருக்கு மேலே இருக்கும் நேரங்களுக்காக நான் துஆக் கேட்கிறேன், கீழே இருக்கும் நேரங்களை மாமி பொறுப்பெடுத்திருக்கிறாள். வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கலாம்தான். நீ முதல் வரியைப் பார்த்துவிட்டு ஒரு கட்டைவிரலை அனுப்பிவிடுவாய். அதனால்தான் பார்சலுக்குள் வைக்கக் கடிதமாக எழுதுகிறேன்.

நீ நிலாவெளியிலிருந்து அனுப்பிய சாமான் பஸ்ஸில் பத்திரமாக வந்தது. சுழியோடிகள் காலில் மாட்டுவது, பெயர் 'ஃபின்' என்கிறாய். எனக்கு அது வாத்தின் கால் மாதிரி, தாராக்கால்தான். கொண்டக்டர் அதைக் கல்லாமேசையில் போட்டு, "நானா, இது விசிறியா?" என்று கேட்டான். "ஓம், எங்கட மருமகன் மீனுக்குக் காத்து விசுறப் போறார்" என்றேன். கூடவே போனில் உன் குரல்: "மாமா, றப்பர் வார் வெடிச்சிட்டு, குதிகால அறுத்துப் புண்ணாக்குது. ஒங்களுக்குத் தெரியாத வாரா? வசதியா ஒரு சோடி பாத்து மாட்டித் தாங்க, சனிக்கிழம டெஸ்ட் ஈக்கி." அன்றைக்கு உன் முதலாளி உன்னைக் கடலில் இறக்கிப் பார்ப்பாராம், பாஸானால் நிரந்தர வேலையாம், தாராக்கால் நடுவில் கழன்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவாராம். மாஷா அல்லாஹ், என்ன கௌரவமான வேலை! பெருநாள் வியாபாரம் தலைக்கு மேல் கிடக்க, கடையில் ஆளில்லாமல் நான் ஒற்றையாக ஏணியில் ஏறி இறங்குகிறேன், என் சொந்த மருமகன் வெள்ளைக்காரனுக்கு மீன் காட்டிக் கொடுக்கிறான். பதுளைச் சந்தையில் இல்லாத மீனா?

உன் மாமி ஸுபைராவுக்கு என்மேல் நம்பிக்கை இருந்தால்தானே. "ஒரு வார் தேட இவ்ளோ நாளா? புள்ள பெயிலாகி வந்து கடையில நிக்கணும் எண்டுதானே ஒங்கட நெனப்பு?" என்றாள். "நான் அப்படிப்பட்ட ஆளா?" என்று கேட்டேன். அவள் தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். சரி, உண்மையைச் சொல்கிறேன். நீ பெயிலாகி வந்தால் எனக்குப் பெரிய துக்கமொன்றும் இல்லை. ஆனால் இப்றாஹீம் போட்ட வார் கழன்றுதான் பெயிலானான் என்று நாளைக்கு எவனும் சொல்லக்கூடாது.

எங்கள் கடையின் சட்டம் உனக்குத் தெரியும். காலில் போட்டு நடந்து பார்க்காமல் எந்தச் சாமானும் படி இறங்காது. உன் காலும் என் காலும் ஒரே அளவு என்பதால் நானே மாட்டினேன். முதலில் லொறி டியூபை வெட்டிப் போட்டேன். குதிகாலில் இருந்த நாலு முடியையும் பிடுங்கிக்கொண்டு போனது. பிறகு ஸ்கூல் பேக் வாரைத் தைத்துப் போட்டேன். அது கொஞ்சமும் இழுபடாமல், கடன்காரன் கழுத்தைப் பிடித்த மாதிரி நின்றது. மூன்றாவதாக, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த அகலமான இலாஸ்டிக். அல்ஹம்துலில்லாஹ், என்ன சுகம்! ஆனால் அந்தச் சனியனை மாட்டிக்கொண்டு முன்னுக்கு நடந்தால் ஆளை விழுத்தும், பின்னுக்குத்தான் நடக்கலாம். பின்னுக்கு நடந்தேன், பெருநாளுக்கு அடுக்கிவைத்த லேடீஸ் செருப்பு அலுமாரி என்மேல் வந்து உட்கார்ந்தது. தெமோதரைத் தேயிலைத் தோட்டத்து இருதயம்மா மகளுக்குச் செருப்பு வாங்க வந்தவள், என்னைத் தூக்கிவிடாமல் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். "என்னாங்க மொதலாளி இது? அட்டைக்குப் போடுறதுங்களா?" "இல்ல, இது கடலுக்குப் போடுறது." "அடி ஆத்தே! கடல்லயும் அட்ட கடிக்குதுங்களா?" மகளுக்கு ஒரு சோடி இருக்குமா என்று வேறு கேட்டாள். உன் தொழிலுக்கு மலைநாட்டில் நல்ல எதிர்காலம் இருக்கிறது, கவலைப்படாதே.

இந்தக் கூத்துக்குள் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். வலதுகாலைக் கழற்றினேன், இடதுகால் வருவேனா என்கிறது, நான் தைத்த தையல் அப்படி. பக்கத்துக் கடை அஸ்ஹர் பிடித்து இழுத்தான், கால் வந்துவிடும் போலிருந்தது, தாராக்கால் வரவில்லை. தொழுகையை விடலாமா? ஒரு காலில் செருப்பு, மறுகாலில் உன் உத்தியோகம், இரண்டோடும் பதுளை பஸார் வீதியைத் தாண்டினேன். த்ரீவீல்காரர்கள் ஹோர்ன் அடித்து மரியாதை செய்தார்கள். பள்ளிவாசலில் கைகால் கழுவி வுழூச் செய்யக் குழாயைத் திறந்து காலில் தண்ணீரை விட்டதும், அஸ்ஹர் இழுத்தும் வராத சாமான் தன்பாட்டில் வழுக்கிக்கொண்டு வந்து விழுந்ததடா! கடையில் காய்ந்த காலுக்கு அவ்வளவு சுகமாயிருந்த வார், தண்ணீர் பட்டதும் கைவிட்டுவிட்டதே! நீ அங்கே அடியில் நிற்கும்போது இப்படிக் கழன்றிருந்தால்? தொழுகையில் நின்றும் மனதில் அதுதான் ஓடியது, அல்லாஹ் மன்னிக்கட்டும். வெளியே வந்தால் என் நல்ல செருப்பைக் காணவில்லை, தாராக்கால் மட்டும் வைத்த இடத்தில் அப்படியே கிடந்தது.

அதற்குப் பிறகு என் கைவேலையை நம்பவில்லை. கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போன மாமியின் தம்பி மபாஸுக்குப் போன் போட்டு, சுழியோடிகளின் சாமான் விற்கும் கடையில் விசாரிக்கச் சொன்னேன். துருப்பிடிக்காத ஸ்பிரிங் வாராம், குதிகால் படும் இடத்தில் மெத்தையாம், பின்னால் ஒரு வளையம், விரலை விட்டு இழுத்தால் மாட்டலாம், கழற்றலாம், பக்கிள் இழுத்துச் சாகத் தேவையில்லையாம். சின்னது, பெரியது என்று இரண்டு அளவு கொண்டுவந்தான். இந்தத் தடவை வாளித் தண்ணீரில் காலை விட்டு உதறி உதறிப் பார்த்தேன். சின்னது அட்டைபோல் ஒட்டியது, வலியில்லை, அறுக்கவில்லை, கழலவில்லை. பெரியதைத் திருப்பிக் கொடுக்க எடுத்து வைத்துவிட்டு, சின்னதை உன் தாராக்காலில் பூட்டிவிட்டேன். கொண்டக்டரிடம் நாளைக் காலை கொடுத்தனுப்புகிறேன். இனி வாரைக் குறை சொல்ல உனக்கு வாயில்லை. இதைப் போட்டும் பெயிலானால் அது நஸீபு, உன் தலைவிதி, அழுதுகொண்டிருக்காமல் ஞாயிறு பஸ்ஸில் ஏறி வந்து சேர். பெருநாள் வியாபாரத்துக்கு ஆள் தேவை, இங்கே யாரும் உன்னைத் தண்ணீரில் தள்ளிப் பார்க்கமாட்டார்கள். பாஸாகிவிட்டால் அந்தச் செய்தியை மாமியிடம் சொல், எனக்கு அவசரமில்லை.

உன் மூச்சுக்கும் முயற்சிக்கும் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். உன் மாமி ஸலாம் சொல்லச் சொன்னாள், நேரத்துக்குச் சாப்பிடவும் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் மாமா,
இப்றாஹீம்.

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் தூக்கி வீசு. கடிதத்தை ஒட்டப் போகும்போது உன் மாமி போனைக் கொண்டுவந்து, நீ அனுப்பிய படத்தை விரலால் பெரிதாக்கிக் காட்டினாள். "இஞ்ச பாருங்க, தாராக்காலுக்குள்ள புள்ள இன்னொரு சப்பாத்தும் போட்டீக்கி." போட்டுத்தான் இருக்கிறாய், கணுக்கால் வரை, தடித்த கறுப்புச் சப்பாத்து! சப்பாத்துக்கு மேல் சப்பாத்துப் போடுகிற ஒரு மனிதனை நான் என் கடை வாசலில் கண்டதே இல்லை. என் வெறுங்காலுக்கு அளவெடுத்த சின்ன வார் உனக்கு ஏறவே ஏறாது, ஏறினாலும் காலை நெரித்துக் குறண்டவைக்கும். பேசாமல் பார்சலைக் கொடுத்தனுப்பினால் ஞாயிற்றுக்கிழமை நீ என் கடையில் நிற்பாய். நான் சின்னதைக் கழற்றிவிட்டுப் பெரியதைப் பூட்டினேன். இருந்தாலும் மனம் கேட்கவில்லை, அந்தச் சப்பாத்தைப் போட்ட காலில் மாட்டிப் பார்க்காமல் எப்படி விடுவது? அதனால் பார்சல் கொண்டக்டரிடம் வராது. நாளைக் காலை பஸ்ஸில் நானே கொண்டுவருகிறேன். பெருநாள் வியாபாரம் கிடக்கட்டும், கடையைப் பூட்டிச் சாவியை மாமியிடம் கொடுத்தாயிற்று. இந்தக் கடிதத்தை மாமி இப்போதே போனில் படமெடுத்து உனக்கு அனுப்புவாள், கட்டைவிரலோடு நிறுத்தாமல் கடைசிவரை படித்துவிட்டுச் சப்பாத்தோடு பஸ் ஸ்டாண்டில் வந்து நில், மகனே. நீ பாஸாகிக் கரையேறும்வரை நான் அந்த மணலை விட்டு அசையமாட்டேன்.