கௌதாரியும் முப்பத்திரண்டு இலக்க முகவரியும்

ஒரு காட்டில், மரங்களுக்குச் சமமாக செல்போன் டவர்களும் முளைத்துவிட்ட காலத்தில், மரிக்கொழுந்து என்று ஒரு கௌதாரி இருந்தாள். கௌதாரி தரையில் முட்டையிடும் பறவை. தரையில் முட்டையிடுகிறவர்களுக்கு வானத்தைவிடக் கால்கள்மீதுதான் பயம். அவள் பயந்தது எருமைக் கால்களுக்கு.

எருமைக்கூட்டம் தினமும் ஏதாவது ஒரு புல்வெளி வழியாகக் குளத்துக்குப் போகும். கூட்டத்தின் தலைவி காராயி நல்லவள்தான். கிளம்புமுன் காட்டிலுள்ள எல்லா முகவரிகளுக்கும் செல்போனில் சேதி அனுப்புவாள்: "இன்று வடக்குப் புல்வெளி. முட்டை வைத்திருப்பவர்கள் பதில் போடவும்." பதில் வந்தால் கூட்டம் சுற்றிப் போகும். வராவிட்டால் நேரே போகும். போன பங்குனியில் மரிக்கொழுந்து பதில் போடவில்லை. சேதியே வரவில்லை, பிறகு எங்கே பதில் போடுவது? ஏழு முட்டைகள். ஏழும் நசுங்கிப் போயின. அவள் அழுத அழுகையை இங்கே எழுதினால் இது வேறு கதையாகிவிடும்.

சேதி வராததற்குக் காரணம், அவளுக்கென்று சொந்தமாக முகவரி எண் இல்லை. காட்டு வலையை அமைத்த நாளில், நான்கு இலக்க எண் போதும் என்று யானைகள் கூடி முடிவெடுத்தன. நான்கு இலக்கத்தில் பத்தாயிரம் முகவரி வரும். அன்று காட்டில் போன் வைத்திருந்தவர்கள் முப்பது பேர். பத்தாயிரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் வாரி வழங்கினார்கள். சிங்கராஜா மட்டும் ஆயிரம் எண்களை எடுத்துக்கொண்டார். எதற்கு என்று கேட்கத் தோன்றியவர்கள் அதே வாரம் காணாமல் போனார்கள். இன்றுவரை அவர் அதில் பயன்படுத்துவது மூன்று. பிறகு அணில் போன் வாங்கியது, எலி வாங்கியது, தவளைகூட வாங்கியது. எண் தீர்ந்துவிட்டது.

தீர்ந்ததும் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். ஆலமரத்தடியில் வசிக்கும் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே எண். வருகிற சேதிகளைப் பிரித்துக் கொடுக்க வாசலில் பொன்னம்பலம் என்ற பெருச்சாளி. மரிக்கொழுந்து அவனிடம் போய்ச் சண்டை போட்டாள்.

"அண்ணே, எருமைச் சேதி வந்துச்சா இல்லியா?"

"வந்துச்சு."

"எனக்கு ஏன் குடுக்கல?"

"உள்ள இருக்கறவங்க யாராச்சும் வெளிய ஒண்ணு கேட்டிருந்தா, அதுக்கு வர்ற பதில கேட்டவங்க கையில குடுப்பேன். கேக்காம வர்ற சேதி யாருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? தூக்கிப் போட்டுருவேன்."

"அப்ப சிங்கராஜா சேதி?"

"அதுக்கு இந்த விதி கெடையாதும்மா."

சிங்கராஜா வேட்டையாடுவதை விட்டு வெகுநாளாகிறது. தினமும் காலையில் அவருடைய காரியதரிசி நரியார் சீட்டுக் குலுக்கி ஓர் எண்ணை எடுப்பார்; படிவத்தில் எழுதி அழைப்பு அனுப்புவார். அழைக்கப்பட்டவர் குளித்துவிட்டு மதியச் சாப்பாட்டு வேளைக்குள் குகைக்குப் போய்விட வேண்டும். ஆலமரத்தடி எண் விழுந்தால், யாரை அனுப்புவது என்பதில் பொன்னம்பலத்துக்குக் குழப்பமே வந்ததில்லை. அந்த வாரம் அவனிடம் அதிகமாகக் கேள்வி கேட்டவர் யாரோ, அவரை அனுப்பிவிடுவான். மரிக்கொழுந்து வாயை மூடிக்கொண்டு நேரே எண் அலுவலகத்துக்கு நடந்தாள்.

அங்கே அதிகாரி ஓர் ஆமை. அவள் மனுவைப் படித்து முடிக்க அவருக்கு அரை நாள் ஆனது. மனு இரண்டு வரி.

"பழைய நம்பர் தீந்துபோச்சு. புது நம்பர் வேணும்னா தரேன். முப்பத்திரண்டு இலக்கம். இந்தக் காட்டுல இருக்கற எறும்போட ஒவ்வொரு காலுக்கும் தனித்தனியாக் குடுத்தாலும் தீராது."

"அவ்வளவு இருக்கா! அப்ப ஏங்கய்யா யாரும் வாங்கல?"

"யாரும் வாங்காததாலதான் யாரும் வாங்கல."

புதுத் திட்டம் அமலுக்கு வந்து பத்தொன்பது மழைக்காலம் ஆகியிருந்தது. வருஷாவருஷம் ஆண்டு விழா நடக்கும். சிங்கராஜா ரிப்பன் வெட்டுவார், எல்லாரும் கைதட்டுவார்கள், வாழைப்பழம் கொடுப்பார்கள். பேனரின் அடியில் 'மேலும் விவரங்களுக்கு' என்று போட்டு நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்.

மரிக்கொழுந்து வாங்கிக்கொண்டாள். பெயர்ப் பதிவேட்டில் முதல் பக்கத்தில் முதல் வரி அவளுடையது. பத்தொன்பது வருஷமாக மூடியே இருந்த பேனாவைத் திறக்க ஆமை பட்ட பாடு சொல்லி மாளாது.

எண்ணை எடுத்துக்கொண்டு காராயியிடம் ஓடினாள்.

"அக்கா, எனக்கு நம்பர் வந்தாச்சு. இனிமே எனக்கும் சேதி அனுப்புங்க."

காராயி அசைபோடுவதை நிறுத்தாமல் பார்த்தாள். "இது புதுசுல்ல? பழைய நம்பர்லேர்ந்து இதுக்குப் போகாதே. நானும் மாறினாத்தான் போகும்."

"மாறுங்களேன்."

"உன் ஒருத்திக்காகவா? மானுங்க மாறட்டும், மாறுறேன்."

மான்களைக் கேட்டால் குரங்குகள் மாறட்டும் என்றன. குரங்குகளைக் கேட்டால் எருமைகள் மாறட்டும் என்றன. சுற்றி வந்ததில் மரிக்கொழுந்துக்குக் கால் வலித்ததுதான் மிச்சம்.

"சரிக்கா, தினம் நேர்லயே வந்து சொல்லிட்டுப் போறேன்."

"நேர்ல சொன்னா செல்லாது. கூட்டத்துல நாப்பது பேரு. போன்ல பதில் வந்தாத்தான் சுத்திப் போவாங்க. வாய்வார்த்தைக்கு எவ கேப்பா?"

இதற்கிடையில் முட்டைக் காலம் வந்துவிட்டது. முட்டை அலுவலக நடைமுறைக்குக் காத்திருக்குமா? வடக்குப் புல்வெளியில் எட்டு முட்டைகளை இட்டு, செல்போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குளம்புச் சத்தத்துக்கும் உயிரைக் கையில் பிடித்தபடி அடைகாத்தாள். எருமைகள் தெற்கே போன நாட்களிலெல்லாம் முட்டைகளுக்கு ஒரு நாள் ஆயுசு கூடியது.

ஒரு காலையில் முயல் வேலாயி மூச்சிரைக்க ஓடி வந்தாள். அவளுக்கு நரியாரின் அலுவலகத்தில் படிவம் அடுக்கும் வேலை.

"யக்கா, இன்னிக்குக் குலுக்கல்ல உன் நம்பர்தான் விழுந்துச்சு!"

மரிக்கொழுந்து முட்டைகளை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டாள்.

"பயப்படாத. படிவத்துல நாலு கட்டந்தான் இருக்கு. உன் நம்பர் அடங்கல. பொடிசா எழுதிப் பாத்தாரு, ஓரத்துல எழுதிப் பாத்தாரு, கடைசில கசக்கிப் போட்டுட்டு வேற எடுத்துட்டாரு."

நரியார் நேரில் வந்து அழைக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நேரில் போய் அழைத்தால் அதற்குப் பெயர் வேட்டை. அது அந்த அலுவலகத்தின் வேலை இல்லை.

சொல்லி முடித்த வேலாயி சற்று யோசித்தாள். அவள் காதுகள் இரண்டும் விறைத்து நின்றன. "போய்ட்டு வரேன்க்கா" என்று எண் அலுவலகத்தை நோக்கி ஒரே ஓட்டம். பதிவேட்டில் இரண்டாவது வரி அவளுடையது. மதியத்துக்குள் வரிசை ஆற்றங்கரை வரை நீண்டுவிட்டது. மான், குரங்கு, பெருச்சாளி எல்லாரும் நின்றார்கள். பத்தொன்பது வருஷ விழாக்களும் வாழைப்பழங்களும் செய்யாததை நாலு கட்டம் மூன்றே நாளில் செய்தது. காட்டின் எதிர்காலத்துக்காகவே மாறியதாக எல்லாரும் சொல்லிக்கொண்டார்கள்.

காராயியும் மாறினாள். நான்காம் நாள் காலையில் மரிக்கொழுந்தின் போன் முதல்முறையாக அதிர்ந்தது: "இன்று வடக்குப் புல்வெளி. முட்டை வைத்திருப்பவர்கள் பதில் போடவும்."

அலகால் கொத்திக் கொத்திப் பதில் போட்டாள். கொஞ்ச நேரத்தில் தரை அதிர்ந்தது, அதிர்வு நெருங்கியது, பிறகு இடப்பக்கமாக விலகிப் போயிற்று. அவள் சந்தோஷத்தில் அழுதாள். அந்த வாரமே எட்டும் பொரிந்தன. கௌதாரிக் குஞ்சுகள் ஈரம் காய்ந்ததுமே ஓடும் ஜாதி. எட்டும் எட்டுத் திசைக்கு ஓடின.

குகையில் சிங்கராஜா ஒரு வாரமாகப் பட்டினி. பசித்தவர் அவரென்றால் அலுவலகம் எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதை அன்றுதான் காடு பார்த்தது. நரியாரின் அலுவலகமும் புது எண்ணுக்கு மாறியது; முப்பத்திரண்டு கட்டங்களோடு புதுப் படிவம் ஒரே நாளில் அச்சாகி வந்தது. 'ஒரு கட்டத்தையும் காலியாக விடக் கூடாது' என்று அடியில் குறிப்பு வேறு. குலுக்கலுக்குச் சீட்டு எழுத நேரமில்லாததால் பதிவேட்டு வரிசைப்படியே அழைப்பது என்று முடிவாயிற்று.

மரிக்கொழுந்தின் போன் அதிர்ந்தது. "குளித்துவிட்டு வரவும்."

அவள் எட்டுக் குஞ்சுகளையும் கூட்டிக்கொண்டு எண் அலுவலகத்துக்குப் போனாள்.

"ஐயா, பழைய நம்பர் ஏதாச்சும் இருக்குமா?"

"சிங்கராஜாவோட ஆயிரம் போக மிச்சம் ஒம்பதாயிரமும் சும்மா கெடக்கு. ஆனா அந்தப் பக்கம் பேச ஒரு ஆள் இல்லியேம்மா. எருமைச் சேதிகூட வராதே?"

"புள்ளைங்களுக்குக் கால் வந்தாச்சுங்கய்யா. புதுச எடுத்துக்கிட்டுப் பழச குடுங்க."

ஆமை பேனாவைத் திறந்தார். அவளுடைய முதல் வரியை அடித்தார். அடித்த வரிக்கு வந்த அழைப்பு செல்லாது, நாலு இலக்கத்தால் முப்பத்திரண்டு கட்டமும் நிரம்பாது. கிளம்பப் போனவள் வாசலில் நின்று, பதிவேட்டை எட்டிப் பார்த்தாள்.

"வேலாயியக் கூட்டிட்டு வரேன். பேனா மூடியப் போட்டுராதீங்க."

அன்று மதியம் சிங்கராஜா யாரைச் சாப்பிட்டார் என்று இந்தக் கதைக்குத் தெரியாது. ஒரு கௌதாரியையும் ஒரு முயலையும் சாப்பிடவில்லை என்பது மட்டும் தெரியும்.

நீதி: புது இடத்துக்கு முதல் ஆளாகப் போங்கள், எல்லாரும் வந்து சேர்ந்ததும் முதல் ஆளாகக் கிளம்பிவிடுங்கள். பட்டியலை எப்போதும் மேலேயிருந்துதான் வாசிப்பார்கள்.