டர்போ காருக்குச் சனிக்கிழமைக் குளியல்

சிவகாசி வட்டாரத்திலேயே காருக்கு எண்ணெய்க் குளியல் செய்துவைத்த ஒரே மனிதர் எங்கள் ஆயில் அண்ணாச்சிதான். நான் கணக்கெழுதிய பட்டாசுக் கம்பெனி முதலாளியின் டிரைவர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் முதலாளி புது டர்போ டீசல் கார் வாங்கினார். எவ்வளவு டீசல் போக வேண்டும் என்பதை உள்ளே இருக்கும் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும், அளவுக் கோட்டுக்கு மேல் இன்ஜின் ஆயில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள் என்று ஷோரூம் மெக்கானிக் படித்துப் படித்துச் சொன்னார்.

"கம்ப்யூட்டருக்குத் தீவாளி தெரியுமாய்யா? டர்போ வச்ச புள்ளைக்கு உடம்பு கொதிக்குது. சனிக்கெழமை எண்ணெ வச்சாத்தான் சூடு தணியும்" என்றார் அண்ணாச்சி.

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை, விசேஷக் குளியலாக ஒரு கேன் ஆயிலை இன்ஜினுக்குள் முழுதாகக் கவிழ்த்துவிட்டார்.

அன்று உச்சிவெயிலில் நானும் அவரும் விஸ்வநத்தம் பக்கம் எங்கள் ஆலை வாசலுக்கு வந்தோம். அங்கே வெடி லோடு ஏற்றிய வேன் ஒன்று புறப்படத் தயாராக நின்றது. அண்ணாச்சி காரை அணைத்து, சாவியை உருவிக்கொண்டு இறங்கினார். இன்ஜின் நிற்கவில்லை.

சீட்டில் ஆளில்லை. ஆனாலும் யாரோ உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதிப்பது மாதிரி சத்தம் ஏறிக்கொண்டே போயிற்று. வெள்ளைப் புகை கிளம்பி வேனை மூடியது. வாட்ச்மேன் செருப்பைக் கழற்றிவிட்டுக் காரைக் கும்பிட்டார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"அண்ணாச்சி, என்ன செஞ்சீக?"

"நிப்பாட்டிட்டேன்யா! சாவி இங்கன இருக்கு!"

புகைக்குள் ஒரு பொறி பறந்தது.

"ஏலே, எல்லாரும் ஓடுங்கலே!" என்று கத்திவிட்டு, அவர் மட்டும் காருக்குள் பாய்ந்தார். பிரேக்கை அழுத்தி மிதித்து, டாப் கியரைப் போட்டு, கிளட்சைப் பட்டென்று விட்டிருக்கிறார். கார் ஒரு உலுக்கு உலுக்க, இன்ஜின் திணறி அடங்கியது.

கம்ப்யூட்டர் டீசலை ஒழுங்காகத்தான் நிறுத்தியதாம். அளவு மீறிய ஆயில், இன்ஜினுக்குக் காற்றைத் திணிக்கும் டர்போ வழியாக உள்ளே போக, இன்ஜின் அதைக் குடித்தே ஓடியதாம். மெக்கானிக் பிற்பாடு சொன்னார்.

அப்போது எங்களுக்கு அது ஒன்றும் தெரியாது. புகை கலையவில்லை. உள்ளேயிருந்து யாரும் வரவில்லை. ஓடிப்போய் நின்ற இடத்திலிருந்து கூப்பிட்டுப் பார்த்தோம். அண்ணாச்சி போய்ச் சேர்ந்துவிட்டார் என்றே நினைத்து, தட்டுத் தடுமாறிப் போய்க் கதவைத் திறந்தேன். ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீங்களும் ஓடியிருக்கலாம்லா அண்ணாச்சி?"

"நான் ஊத்துன எண்ணெயா இருக்குமோன்னு ஒரு சந்தேகம்யா. நான் எங்கன ஓட?"

கையைப் பிடித்து இறக்கினேன். கதகதப்பாக இருந்தது. விட மனமில்லாமல் டீக்கடை வரைக்கும் அதைப் பிடித்துக்கொண்டே நடந்தேன்.