கண்ணாடிக் கடைக்காரரும் இரண்டு ஹெட்போனும்

வாங்கினால் ஒரே ஒரு ஹெட்போன், அதுவும் உசத்தியான ஹெட்போன், அதையும் அக்குவேறு ஆணிவேறாக ஆராய்ந்த பிறகே வாங்குவது என்று கண்ணாடிக் கடைக்காரர் சபதம் செய்தார். ஊராருக்கெல்லாம் மூக்குக் கண்ணாடி மாட்டியே தலை நரைத்தவர். காம்பு காதில் எங்கே உரசும், எங்கே அழுத்தும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். காதின் வெளிப்பக்கம் அவருக்கு மனப்பாடம். உள்பக்கம் மட்டும் என்ன பிரமாத வித்தை?

ஆடியோ கடை வைத்திருந்த நண்பர் இரண்டு பெட்டிகளைக் கொடுத்தார். "வீட்டுல வச்சு நிதானமாக் கேளு. பிடிச்சதை வச்சுக்கோ. பிடிக்காததைக் கீறல் விழாமக் கொண்டா" என்றார்.

பெட்டிகளைப் பார்த்ததும் மனைவி கேட்டாள்:

"ரெண்டு எதுக்குங்க?"

"ஒப்பிடறதுக்கு."

"எதை?"

"சத்தத்தையும் சுகத்தையும்."

"இந்த வீட்டுல ரெண்டுக்கும் குறைச்சலே இல்லையே. சத்தம் நான் போடறேன், சுகம் நீங்க அனுபவிக்கறீங்க."

அவள் கணக்கு டீச்சர். பதில் எப்போதும் மீதி இல்லாமல் வகுபடும்.

கடைக்காரர் முதலில் மூடின வகையை மாட்டினார். காதைச் சுற்றித் தடித்த தோல் மெத்தை. மாட்டின நொடியில் மின்விசிறியின் கடகட காணாமல் போனது. தெருவே காணாமல் போனது. முரசு அடித்தால் வயிற்றுக்குள் அதிர்ந்தது. ஆனால் பிடி, உடும்புப் பிடி. போட்டிருந்த மூக்குக் கண்ணாடியின் காம்பைக் காதுக்குப் பின்னால் எலும்போடு எலும்பாகத் தைத்தது. பாட்டு முடிவதற்குள் காது இரண்டும் வெந்து சிவந்தன.

அடுத்தது திறந்த வகை. வெளிப்பக்கம் மூடியே கிடையாது, வெறும் வலைதான். தலையில் இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டியிருந்தது. பாடகி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு விடுவது போல இருந்தது. கடைக்காரர் சொக்கிப் போனார். ஒரே குறை, வெளிச் சத்தமெல்லாம் கேட்டுக் கேள்வி இல்லாமல் உள்ளே வந்தது.

அந்தக் குறைதான் பெரிய நிறை என்று அன்று சாயங்காலம் தெரிந்தது.

பாட்டு முடிந்திருந்தது. கழற்றச் சோம்பல்பட்டு அப்படியே கண்ணை மூடிக் கிடந்தார். கொழுந்தியா வந்தாள். பேங்க் கேஷியர், எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை எண்ணிப் பேசுகிறவள்.

"அத்தான் இங்கேயே இருக்காரேக்கா?"

"ஆள் இருக்காரு, காது இல்லை. நீ பேசு."

"அப்பாவை எப்போ கூட்டிட்டு வரப் போறே?"

கடைக்காரர் மூடிய கண்ணை இன்னும் இறுக்கிக்கொண்டார். மாமனார் தங்கமான மனிதர்தான். குரல்தான் வெண்கலம். பஸ் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். அங்கே மைக் பழுதானால் யாரும் கவலைப்பட்டதில்லை. மைக் சரியாக இருந்தபோதுதான் கவலைப்பட்டார்கள். அவர் இந்த வீட்டுக்கு வந்தால் பாடகி மூச்சு விடுவது கேட்காது; பாடுவதே கேட்காது.

துள்ளி எழப் போனவர் சட்டென்று அடங்கினார். இல்லாத தாளத்துக்குத் தலையை ஆட்டினார். காதில் மாட்டியிருப்பது வெறும் ஹெட்போனா என்ன? ஒற்றன்! சுவருக்குக் காது உண்டு என்பார்கள். இனி காதே சுவராக உட்கார்ந்திருக்கும்.

அன்று முதல் வீட்டில் அவர் தலை வெறுமனே இருந்ததே இல்லை. பாட்டைப் போடாமலே மாட்டிக்கொண்டு நடமாடினார். பரணைத் துடைக்கச் சொல்லப் போகிறாள் என்பது முன்கூட்டியே தெரிந்தது. கடையில் அவசர வேலை வந்துவிட்டது. நல்ல பிஸ்கட் டப்பா எந்த அலமாரிக்குக் குடிபெயர்ந்தது என்பதும் தெரிந்தது.

"இன்னும் ஒப்பிட்டு முடியலையா?" என்றாள் மனைவி.

வலது பக்க வலையைத் தூக்கி, "ஆ? என்ன சொன்னே?" என்றார் கடைக்காரர். அந்த "ஆ"வை ரகசியமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தார்.

கொழுந்தியா மறுபடி வந்த அன்று முக்கியமான சங்கதி சிக்கியது.

"அப்பாவுக்கு மாடி ரூமைக் கொடுக்கலாம்னு இருக்கேன்" என்றாள் மனைவி. "ஆனா ஒரே ஒரு பயம்டி."

"என்னக்கா?"

"இவரு முந்திக்கிட்டு அதைப் பாட்டுக் கேக்கற ரூமா மாத்திட்டாருன்னா? பெயிண்ட் அடிச்சு, திரை போட்டு, கம்பளம் விரிச்சுட்டாருன்னா அப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் காலி பண்ணுங்கன்னு சொல்றது? இடம் இல்லப்பான்னு அப்பாகிட்ட சொல்ல வேண்டியதுதான்."

"அத்தானுக்கு அந்த யோசனையெல்லாம் வராதுக்கா."

"வராது. வந்தாலும் உடம்பு வளையாது."

கடைக்காரர் புன்னகையைப் பல்லுக்குள்ளேயே மென்று விழுங்கினார். காதும் காதும் வைத்த மாதிரி காரியத்தை முடிப்பது என்று தீர்மானித்தார்.

மறுநாள் கடைக்கு லீவு. மாடி ரூமில் கிடந்த உடைந்த நாற்காலி, பழைய லென்ஸ் அட்டைகள், யாரும் மிதிக்காத சைக்கிள் எல்லாம் படியிறங்கின. தன் கையாலேயே பெயிண்ட் அடித்தார். இடுப்பு "இது நியாயமா?" என்று கேட்டது. எதிரொலி வரக்கூடாதென்று கனத்த திரை போட்டார், கம்பளம் விரித்தார்.

"என்னங்க இது திடீர்னு?" என்றாள் மனைவி, கன்னத்தில் கை வைத்து.

"நல்ல ஒலிக்கு நல்ல அறை வேணும். உனக்குப் புரியாது."

அவள் முகம் வாடியதைப் பார்க்க அவருக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. ஜெயித்தவனுக்குக் கருணை அழகு என்று அன்று காபியை அவரே போட்டுக் கொடுத்தார்.

கீழே வந்து காதில் மாட்டினால் அடுத்த தகவல் தயாராக இருக்கும். "நல்லவேளை, கட்டில் போடலை. கட்டிலும் போட்டா ரூம் முழுசா அவரோடதாயிடும்" என்று போனில் தங்கையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கட்டில் வந்தது, படுத்துக்கொண்டு கேட்டால் ஒலி எப்படி என்று ஒப்பிட. "மாடி பாத்ரூம் குழாய் சொட்டுச் சொட்டுன்னு ஒழுகுது. அந்தச் சத்தத்துல என்னத்தப் பாட்டு கேப்பாரு?" என்றாள். குழாய் புதிதாக வந்தது. "பாத்ரூம்ல வழுக்காம இருக்கப் பிடிச்சுக்கக் கம்பி கூட இல்ல" என்றாள். கம்பியும் வந்தது. பாட்டுக் கேட்கிறவனுக்கு பாத்ரூமில் பிடிக்கக் கம்பி எதற்கு என்று யோசிக்கவே அவருக்கு நேரமில்லை. வெற்றி அவ்வளவு பக்கத்தில் இருந்தது.

எல்லாம் முடிந்ததும் மனைவியை மாடிக்கு அழைத்துப் போய்க் காட்டினார். அவள் கட்டிலை அழுத்திப் பார்த்தாள். குழாயைத் திறந்து மூடினாள். கம்பியைப் பிடித்து இழுத்தும் பார்த்தாள்.

"ரொம்ப அருமையா இருக்குங்க. அப்பாவுக்குப் பிடிக்கும்."

"அப்பாவுக்கா? இது என் பாட்டு ரூம்!"

"மாப்ளே!" என்று தெருவிலிருந்து ஒரு குரல் வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மாமனார் பெட்டியும் படுக்கையுமாக வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். பின்னாலேயே கொழுந்தியா பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அநியாயம்! நான் ரூமை எடுத்துக்கிட்டா உங்கப்பாவை வர வேணாம்னு சொல்லிடுவேன்னு நீதானே சொன்னே?"

"உங்ககிட்ட எப்போங்க சொன்னேன்?"

கடைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். கடித்து என்ன பயன்? வார்த்தை வெளியே போயாகிவிட்டது.

"தங்கச்சிகிட்ட சொன்னேன்" என்றாள் அவள் சாந்தமாக. "அப்போ நீங்க காதுல மாட்டிட்டு இல்ல இருந்தீங்க?"

"அது... வந்து..."

"அந்த வலை போட்டது இருக்கே, அதுல பாட்டு ஓடினா கொசு கத்தற மாதிரி கூடம் பூராக் கேக்குதுங்க. உங்க பாட்டு எங்களுக்குக் கேட்டா, எங்க பேச்சு உங்களுக்குக் கேக்காது. உங்க பாட்டு எங்களுக்குக் கேக்கலைன்னா நீங்க எங்களைத்தான் கேட்டுட்டு இருக்கீங்க. ஒண்ணாங்கிளாஸ் கணக்கு."

உசத்தியான ஹெட்போனை வைத்தே காது குத்திவிட்டாள்! கடைக்காரர் கட்டிலில் உட்கார்ந்தார். கட்டில் சுகமாகத்தான் இருந்தது.

ஆனாலும் மனிதர் தளரவில்லை. ரூம் போனால் போகட்டும். மூடின வகை இருக்கிறதே! தெருவையே காணாமல் அடித்த ஹெட்போனுக்கு ஒரு மாமனார் எம்மாத்திரம்? உடும்புப் பிடியோ குரங்குப் பிடியோ, காது வெந்தால் வெந்துவிட்டுப் போகிறது. காதுக்கு நிம்மதி முக்கியம். அதையே வாங்கிவிடுவது என்று அந்த நிமிஷமே முடிவு கட்டினார். ஒப்பீடு முடிந்தது. மாமனாரை வரவேற்று, பெட்டியை மாடியேற்றி, காபி கொடுத்துவிட்டு, விறுவிறுவென்று கீழே வந்து கூடத்து மேஜையைப் பார்த்தார்.

மேஜையில் திறந்த வகை மட்டும் இருந்தது.

"இன்னொண்ணு எங்கே?" என்றார்.

மனைவி மாடியைப் பார்த்தாள். மாடியிலிருந்து வெண்கலம் முழங்கியது:

"மாப்ளே! இந்த மெத்தை வச்சது எனக்கு அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு, கழட்டவே மனசு வரலை! என் குரலே எனக்குக் கேக்க மாட்டேங்குது, அதான் கொஞ்சம் சத்தமாப் பேசறேன்!"