ஒன்பது சுழிக்காரிக்கு

முஞ்சார்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள சுலிஸ் அக்காவுக்கு,

அம்மாவின் விரல்களை நீ திருடிக்கொண்டாய். மற்றபடி நீயும் அத்தானும் நலமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன். இங்கே நானும் பூனையும் நலம். நாலு நாளாக நீ போனை எடுக்காததால், மீன் ஏற்ற வரும் அத்தானிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

விரல்ரேகையைப் பார்த்து மார்புப் புற்றுநோய் வருமா என்று சொல்ல முடியுமா எனச் சோதிக்க நகரத்து டாக்டர்கள் நம் சுகாதார நிலையத்துக்கு வந்தார்களே, அன்றிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. பத்து விரலில் ஆறு சுழி இருந்தால் இலவசமாக மார்பக எக்ஸ்ரே, வியாழன்தோறும் போகவர வண்டி, கோழிச்சோற்றுப் பொட்டலம். உனக்கு ஒன்பது. புது மோதிரம் போட்டவள் மாதிரி உன் காப்பிக்கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் விரலை விரித்துக் காட்டினாய். நானோ ஓட்டுப்போடுகிற ஞாபகத்தில் மைப்புட்டிக்குள் சுண்டுவிரலை முக்கிவிட்டேன். "இது எலக்‌ஷன் இல்லடி, மையைத் தொட்டு உருட்டு" என்றாள் மருத்துவச்சி எந்தாங். உருட்டினேன். பத்துக் கறுப்பு வட்டம் விழுந்தது, உள்ளே ஒரு கோடு இல்லை. பதினாலு வயதிலிருந்து ஆலையில் மத்தி அறுக்கிறவளுக்கு உப்பும் ஐஸும் தின்றது போக என்ன மிஞ்சும்? கையுறையை ஆய்வாளர் வரும் நாளில் கொடுத்து, அவர் கார் கிளம்பியதும் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். வருகைப்பதிவு மிஷினுக்கே என்னை அடையாளம் தெரியவில்லை. போன மாதம் மூன்று நாள் வேலை செய்துகொண்டே ஆப்சென்ட் ஆனேன்.

ஒரு வாரம் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு மறுபடி போனேன். டாக்டர் பூதக்கண்ணாடியில் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். எங்கள் அம்மா நாற்பத்திரண்டு வயதில் இதே நோயில் செத்தாள், அவள் என் அக்காவுக்கு மட்டும்தான் அம்மாவா என்று கேட்டேன். அதை எழுதப் படிவத்தில் இடமில்லையாம்.

"சுழி இருந்தா வரும்னு இன்னும் நிச்சயமாகலம்மா. அதுக்குத்தான் ஆராய்ச்சி."

"அப்ப இல்லாதவளுக்கு வராதுன்னு நிச்சயமாயிடுச்சா?"

அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அம்மாவின் கண் உனக்கு, தோடு உனக்கு, ஆலையை விட்டு வெளியே கூட்டிப்போன புருஷனும் உனக்கு. போகட்டும். இந்த ஆபத்தில்கூட எனக்குப் பங்கில்லையா? மரியாதையாக, வியாழக்கிழமை எக்ஸ்ரேக்கு உனக்குக் கொடுத்த சீட்டை அத்தானிடம் கொடுத்துவிடு. உன் பேரைச் சொல்லி நான் போய் எடுத்துக்கொள்கிறேன்.

உன் அடுப்பு அணையாமலும் கடையில் கூட்டம் குறையாமலும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ரேகையில்லாத தங்கை வின்தாரி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அத்தான் வந்துவிட்டார். சீட்டைப் பற்றிக் கேட்டேன். "போன வியாழனே வண்டி வந்துச்சு. குளிக்கிற அறையில பூந்து தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா. அதுலேர்ந்து கடையும் திறக்கல. கையை முக்காட்டுல சுத்திக்கிட்டு உக்காந்திருக்கா" என்றார். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. சீட்டு எனக்கு வேண்டாம். வியாழன் காலை ஆறு மணிக்கு உன் வாசலில் நிற்பேன், வண்டியில் உன் பக்கத்தில் உட்காருவேன். கதவைத் திறப்பாயா மாட்டாயா? அத்தானிடமே பதில் சொல்லியனுப்பு.