ஒரு மணிக்கு ஒரு தடவை

காலை பத்து மணிக்குள் நூலகத்துக்கு நாற்பத்திரண்டு பேர் போன் செய்துவிட்டார்கள். எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான். புத்தகத்தைத் தந்துவிடுகிறோம், ஆளை விடுவீர்களா மாட்டீர்களா?

கம்ப்யூட்டர்காரர் அசரவில்லை.

"சின்ன விஷயம் மேடம். அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிடறேன்."

தலைமை நூலகர் மேடத்துக்கு மறுநாள் வெள்ளிக்கிழமையோடு ஓய்வு. புத்தகங்களின் பட்டியல் சரியாக இருந்தால்தான் விடுவிப்புக் கடிதம் கையில் கிடைக்கும். வெளியே போய்த் திரும்பாத புத்தகங்கள் ஏராளம். ஆனால் அவரை வாட்டியது ஒன்றே ஒன்று: நாலு தொகுதி அகராதியில் மூன்றாம் தொகுதி. வேலைக்குச் சேர்ந்த வருடம் அவரே மேலிடத்தில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கவைத்த அகராதி. அதை அரைகுறையாக விட்டுவிட்டுப் போக அவருக்கு மனசில்லை.

ஒரே நாளில் வரவழைக்கிறேன் என்று கம்ப்யூட்டர்காரர் முந்தின நாள்தான் வாக்குக் கொடுத்திருந்தார். வாய்ச்சவடால் பேர்வழி என்றாலும் வேலை தெரிந்தவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் கம்ப்யூட்டர் திரையை உயர்த்திவைத்துத் தன் கழுத்துவலியைத் தானே குணப்படுத்திக்கொண்டவர். முன்பெல்லாம் சர்வர் தானாகச் செய்யவேண்டிய வேலைகளுக்கு அவரே ஸ்கிரிப்ட் என்கிற குட்டி நிரலை எழுதி, எந்த நேரத்தில் ஓடவேண்டும் என்றும் குறித்துவைப்பார். இப்போது அதற்கென்று ஒரு ஏஐ ஏஜென்ட் வந்துவிட்டது. தமிழில் சொன்னால் போதும், ஸ்கிரிப்டை எழுதி நேரத்தையும் அதுவே குறித்துக்கொள்ளும்.

அவர் சொன்னது இவ்வளவுதான்: "புத்தகம் திருப்பித் தராதவங்களுக்கு ஒரு மணிக்கு ஒரு தடவை ஞாபகப்படுத்து."

மதியம் ஒரு மணிக்கு, ஒரே ஒரு தடவை என்று அவர் நினைத்தார். மணிக்கொரு தடவை என்று ஏஜென்ட் எடுத்துக்கொண்டது. தமிழில் இரண்டுமே சரி என்பதால் அதைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. ஒரே ஒரு பதிவில் மட்டும் எடுத்தவர் பேரும் போன் நம்பரும் இல்லையே, என்ன செய்வது என்றுகூட அது பொறுப்பாகக் கேட்டது. ஒண்ணுதானே, விட்டுத்தள்ளு என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். விடிவதற்குள் ஆளுக்குப் பதினைந்து செய்தி போயிருந்தது.

"மன்னிப்புக் கேட்டா முடிஞ்சுது," என்றபடி அவர் ஏஜென்டிடம் திரும்பினார். "அதே ஆளுங்களுக்கு, அதே மாதிரி, ஒரு மன்னிப்பும் அனுப்பிடு."

அது அதே மாதிரியே அனுப்பியது. மணி அடித்தால் மிரட்டல், ஐந்து நிமிடத்தில் மன்னிப்பு. மதியத்துக்குள் நூலக வாசலில் வரிசை நின்றது. புத்தகத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனவர்களுக்கும் போன வழியிலேயே அடுத்த செய்தி வந்தது. அவர்கள் திரும்பி வந்து சண்டை போட்டார்கள்.

கம்ப்யூட்டர்காரருக்கு இதிலும் பெருமைதான். "புத்தகம் வருதா இல்லையா, அதைப் பாருங்க மேடம்," என்றவர், மூன்றாவது உத்தரவைப் போட்டார். "புத்தகம் குடுத்தவங்களை விட்டுட்டு மத்த எல்லாருக்கும் அனுப்பு."

மத்த எல்லாருக்கும் என்றால் எல்லாருக்கும்தான். உறுப்பினர் அட்டை வாங்கியதோடு நூலகப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்களுக்கும் செய்தி பறந்தது. வெள்ளிக்கிழமை காலையில் ஒரு தையல்காரர் வந்து கனமான புத்தகம் ஒன்றை மேடத்தின் முன்னால் வைத்தார்.

"நான் இங்க எதுவுமே எடுக்கலீங்க. ஆனா மணிக்கு மணி கேக்கறீங்க. இது என் சொந்தப் புத்தகம், இதை வச்சுக்கிட்டு என்னை விட்டுடுங்க."

அவரைச் சமாதானப்படுத்தி அனுப்புவதற்குள், சொந்தப் புத்தகத்தோடு இன்னும் ஆறு பேர் வந்து நின்றார்கள். மேடம் தானே போய் சர்வரின் பிளக்கைப் பிடுங்கினார்.

சாயங்காலம் மேஜை, நாற்காலி, தரை என்று எங்கும் புத்தகக் குவியல். மேடம் மூன்றாம் தடவையாக எல்லாவற்றையும் புரட்டிவிட்டு, கம்ப்யூட்டர் அறை வாசலில் வந்து நின்றார்.

"எல்லாம் வந்துடுச்சு தம்பி. அது மட்டும் வரல."

குரலில் கோபமே இல்லை. அதைத்தான் கம்ப்யூட்டர்காரரால் தாங்க முடியவில்லை. அந்த இரண்டு நாளில் முதல்முறையாக அவருக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்திலேயே வீறாப்பும் வந்தது.

"எவனோ கல்நெஞ்சுக்காரன் மேடம். ஊரே ஓடி வந்து குடுக்குது, அவன் மட்டும் அசையாம உக்காந்திருக்கான் பாருங்க. அவனைக் கண்டுபிடிக்காம நான் இந்த நாற்காலியை விட்டு எந்திரிக்க மாட்டேன்."

கையில் ஈரத்துணியோடு மேடத்தைத் தாண்டி உள்ளே வந்த துப்புரவு அக்காவுக்கு வீட்டுக்குப் போகிற அவசரம்.

"எந்திரிக்க வேணாம் தம்பி, நான் மேஜையை மட்டும் துடைச்சுட்டுப் போயிடறேன். உங்க டிவிக்கு அடியில ரெண்டு வருஷமா முட்டுக் குடுத்து வச்சிருக்கீங்களே, அந்தக் குண்டுப் புத்தகத்தை மட்டும் கொஞ்சம் தூக்குங்க."