கடுகு பத்து நாள் கேட்டது

கையில் கரண்டியோடு வாசலிலேயே உங்களை மடக்கும் ஒரு பிராணி உண்டு. இனத்தின் பெயர், 'கொஞ்சம் ருசி பாருங்களேன்'. ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்காது என்பார்கள். இந்த இனத்துக்கு ஆக்கவே பொறுக்காது.

பூட்டு ரிப்பேர்க்காரர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், பெரிய ஓட்டலில் தலைமைச் சமையல்காரர். பதினைந்து வருஷமாக இவர் வீட்டில் வந்து சாப்பிடுகிறார். ஒருநாளாவது "நல்லாயிருக்கு மாப்ளே" என்று சொன்னதுண்டா? இவர் சுட்ட ரொட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இத வெச்சு எந்தப் பூட்ட உடைக்கப் போறீங்க?" என்றுதான் கேட்டார். அந்த ஒரு வார்த்தைக்கு மனிதர் ஏங்கிக் கிடந்தார். கடைசியில் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் கடுகு விழுதுக்கு மச்சானிடமே போனில் பக்குவம் கேட்டு, கடுகை வெள்ளை ஒயினில் இரண்டு நாள் ஊற வைத்து, வினிகரும் உப்பும் சேர்த்து, கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிய மிக்ஸியில் அரைத்து, கண்ணாடி ஜாடியில் அடைத்தார்.

"புதுசுல கசக்கும் மாப்ளே. பத்து நாள் மூடியத் தொடாதீங்க. நானே வந்து தொறக்கறேன்," என்றார் மச்சான்.

பத்து நாளா? ஊர்ப் பூட்டையெல்லாம் திறந்தே பழகிய கை அது. மூடி வைக்க யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

முதல் நாளே சிலிண்டர் கொண்டுவந்தவர் மாட்டினார். இரண்டாம் நாள் தபால்காரர். அதற்கப்புறம் அவர் பதிவுத் தபாலைக்கூட ஜன்னல் வழியாகத்தான் நீட்டினார். மூன்றாம் நாள் மாடி வீட்டு டீச்சர்.

"என்னண்ணே இது, மாத்திரைய அரைச்சு வெச்சிருக்கீங்களா?"

"ஒயின் போட்டது டீச்சர். முதல் கரண்டியில பிடிபடாது. இந்தாங்க, இன்னொன்னு."

கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று சொன்ன பெரியவர்கள் அதன் கசப்பைப் பற்றி மூச்சு விடவில்லை. டீச்சர் அன்று முழுக்க அதைப் பற்றித்தான் பேசினார்.

"ஏங்க, எங்கண்ணன் வரும்போது ஏதாவது மிச்சம் இருக்குமா?" என்றாள் மனைவி.

"ஜாடி நெறைய இருக்கு. ஒரு சொட்டு குடுத்தா கொறஞ்சா போயிடும்?"

ஒரு சொட்டா? மீட்டர் பார்க்க வந்தவர், தண்ணீர்க் குழாய் அடைப்பு எடுக்க வந்தவர், தொலைந்த சாவிக்கு மாற்றுச் சாவி கேட்டு வந்த வக்கீல், வழி கேட்க வந்தவர் என்று ஒருவரும் தப்பவில்லை. ஒன்பதாம் நாள் கரண்டி அடியில் தட்டியது.

பத்தாம் நாள் மச்சான் வந்தார். ஜாடியைத் திறந்து உள்ளே பார்த்தார். தங்கை கணவர் முகத்தைப் பார்த்தார். ஒரு துண்டு ரொட்டியை உள்ளே விட்டு, ஓரத்தில் ஒட்டியிருந்ததை வழித்து வாயில் போட்டுக் கண்ணை மூடினார்.

"மாப்ளே."

"சொல்லுங்க மச்சான்."

"நல்லாயிருக்கு. கசப்பு சுத்தமாப் போயிடுச்சு. காரம் நேரா மூக்குல ஏறுது, பின்னாடியே ஒயின் வாசம் வருது. எங்க ஓட்டல்லகூட இப்படி அமையல. மீதி எங்க?"

மீதி தெருவெல்லாம் இருந்தது.

ஆனாலும் வார்த்தை கிடைத்துவிட்டதே! சும்மா இருப்பாரா? ஜன்னலைத் திறந்து கத்தினார்: "டீச்சர்! கேட்டீங்களா? நல்லாயிருக்குன்னு எங்க மச்சானே சொல்லிட்டார்!"

மாடியிலிருந்து பதில் வந்தது: "அந்தக் கசப்பையா? அடப் பாவமே, உங்க மச்சானுக்கு எப்பண்ணே நாக்கு செத்துச்சு?"

மச்சான் ரொட்டியைக் கீழே வைத்தார். இன்னும் பதினைந்து வருஷம் அவர் வாயைத் திறக்கமாட்டார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஒன்றே ஒன்று, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். இதைப் பாதி படிக்கும்போதே அடுத்த அறைக்குக் குரல் கொடுத்து, "இங்க வாயேன், இதக் கேளு" என்று யாரையாவது கூப்பிட்டீர்களா? கூப்பிட்டிருந்தால், உங்கள் வீட்டு வாசல் பக்கம் நான் வருவதாக இல்லை.